இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

வயதானவர்களின் கால் நகத்தை வெட்டுவதற்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கொஞ்ச நேரம் ஊற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நகவெட்டி நுழையாது. எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பெருவிரல் நகம் தடித்து மஞ்சளித்து, சிலருக்கு ஆட்டுக்கொம்பு போல வளைந்து பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருக்கும். குனிந்து காலைத் தொட இடுப்பு இடம் கொடுக்காது. கண்ணுக்கும் அவ்வளவு தூரம் தெளியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊற வைக்கிற வேலையே கூடாது. சூடு உறைக்காத கால் அது. கொப்புளம் வந்த பிறகுதான் தண்ணீர் சூடாக இருந்த விஷயமே தெரியும். குளித்த ஈரம் காய்வதற்குள் நேராக வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டால் போதும்.

சாப்பிட்டாங்களா, மாத்திரை போட்டாங்களா என்று போனில் கேட்கிற மகன்கள் உண்டு. நகம் வெட்டியாச்சா என்று கேட்ட மகனை நான் இன்னும் பார்க்கவில்லை. நகம் குத்துகிற வலியில் அந்த அம்மா நடப்பதைக் குறைத்துக்கொள்வார். நடை குறைந்தால் தொடைச் சதை கரையும். சதை கரைந்தால் எழுந்து நிற்கும்போது கால் மடங்கும். விழுந்தால் இடுப்பெலும்பு. அப்புறம் படுக்கை. "நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு படுத்திருச்சு" என்று வார்டு வாசலில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து முதுமையில் திடீரென்று நடப்பது மிகக் குறைவு. நாம் திடீரென்று கவனிக்கிறோம், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தென் மாவட்டங்களிலேயே காலம் போனது, பெரும்பாலும் மெடிக்கல் வார்டில். வயிற்று வலி, மூச்சுத் திணறல், பக்கவாதம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். அதற்கு அடியில் இருந்த முதுமையை யாரும் எழுதினதில்லை. பயிற்சியிலும் அப்படித்தான். பிரசவத்துக்குத் தனிப் புத்தகம், குழந்தைக்குத் தனிப் புத்தகம். கிழவனுக்கும் கிழவிக்கும் சில பக்கங்கள். அந்தச் சில பக்கங்களை எங்கள் டியூட்டர் சிஸ்டர் ஒருவர் பெரிதாக்கிச் சொல்லிக் கொடுத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. "கேஸ் ஷீட்ட பொறவு படி பிள்ள, மொதல்ல ஆளப் படி" என்பார்.

ஆளைப் படிக்க அவர் கற்றுக்கொடுத்தது ஐந்து கேள்விகள். உடம்பு எப்படி இருக்கிறது, மனம் தெளிவாக இருக்கிறதா, எழுந்து நடக்கிறாரா, படுக்கையில் தானாகப் புரள முடிகிறதா, மூத்திரமும் மலமும் கட்டுக்குள் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் படுக்கைப் புண் வரப்போகிறது என்று அர்த்தம். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேய நர்ஸ் 1962இல் வெளியான ஆய்வில் வகுத்த கணக்கு இது. டாக்டர்கள் மருந்து தேடிக்கொண்டிருந்த புண்ணுக்கு, ஆளைப் புரட்டிப் போடுவதுதான் மருந்து என்று ஒரு நர்ஸ் வார்டில் நின்று நிரூபித்தார் என்று சொல்லும்போது சிஸ்டரின் குரல் கொஞ்சம் உயரும். பரீட்சைக்காகப் படித்தோம். வார்டுக்குப் போன பிறகு எழுதிவைத்த கணக்கு இல்லாமலே கண் கூட்டிப் பார்த்துவிடும்.

புரட்டிப் போடுவது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். முதுகுத்தண்டின் அடி, இடுப்பின் இரு புறம், குதிகால், பின்மண்டை, இத்தனை இடத்தையும் கண்ணால் பார்த்துத் துடைத்து விட வேண்டும். அந்த நாளில் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்து பவுடர் போடுவோம். வார்டு முழுக்க அந்த வாசனையாக இருக்கும். இன்றைக்கு அதைத் தப்பு என்கிறார்கள். ஸ்பிரிட் தோலை வறட்டும், சிவந்த இடத்தில் தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் நசுங்கும். அடியில் வைத்த ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டார்கள், வளையத்தின் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்று. இத்தனை மாறியும் இரண்டு மணி நேரம் மட்டும் பெரிதாக மாறவில்லை. ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு அப்பத்தாவை வேனில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். கட்டில் இல்லை, தரையில் பாய். புரட்டிப் பார்த்தால் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், எலும்பு தெரிந்தது. மஞ்சளும் சாம்பலும் அப்பியிருந்தது. மகன் வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். மருமகள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைத்தான் ஏசினார்கள். வார்டு ஆயாகூட "மாமியாள இப்படியா அழுக விடுவா" என்றார். நான் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். விடிவதற்கு முன்னால் எழுந்து சோறு ஆக்கிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போகிறாள். இருட்டின பிறகு திரும்பி வருகிறாள். வந்ததும் பீயும் மூத்திரமும் அள்ளித் துணி அலசிப் போட்டுவிட்டு ஆக்க வேண்டும். "நானும் பொரட்டித்தான் நர்ஸம்மா போடுறேன், காலையில ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

மருத்துவமனையில் ஒரு நாளை மூன்று ஷிஃப்டாகப் பிரித்திருக்கிறோம். எட்டு மணி நேரம் ஆனதும் இன்னொருத்தி வந்து கணக்குக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஹேண்டிங் ஓவர் முடிந்தால் நான் வீட்டுக்குப் போகலாம், தூங்கலாம். வீட்டில் அந்த மூன்று ஷிஃப்டும் ஒரே பெண்ணுக்கு. சம்பளம் கிடையாது, வார விடுப்பு கிடையாது, பேர் கெட்டால் மட்டும் அவள் பேர்.

இதை எனக்கு முழுக்கப் புரியவைத்தது எங்கள் அத்தைதான், என் கணவரின் தாயார். சாத்தூர்க்காரர். நன்றாக வாழ்ந்த காலத்தில் அவர் கையில் ஒரு சேவுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். பல் போன பிறகு சேவைக் காபியில் ஊற வைத்துத் தின்றார். பல் செட் கட்டிக் கொடுத்தோம். அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, ஈறாலேயே அப்பளம் நொறுக்குவார்.

அத்தை என்னோடு வந்து இருக்கத் தொடங்கிய புதிதில் எங்களுக்குள் பெரிய சண்டை காது விஷயமாக வந்தது. நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மகன் ஆபீஸிலிருந்து வந்து ஹாலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் அடுப்படியிலிருந்து பதில் வரும். தெருவில் எந்த மருமகளைக் கேட்டாலும் இதே புகார்தான்: "மகன் பேசுனா காது நல்லாக் கேக்குது, நான் பேசுனா மட்டும் செவிடு." நானும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் மூளை மெதுவாகத்தான் வீட்டுக்குள் வந்தது. வயதாகும்போது முதலில் போவது மேல் சுருதியில் இருக்கிற சத்தம். பெண் குரல், குழந்தை குரல், ச, ஸ, ஷ மாதிரி காற்றோடு வருகிற எழுத்துகள். ஆணின் அடிக்குரல் கடைசி வரை நிற்கும். கத்தினால் சுருதி இன்னும் மேலேதான் ஏறும், கேட்கவே கேட்காது, முகத்தில் கோபம் மட்டும் தெரியும். முன்னால் போய் நின்று, முகம் தெரியும்படி, குரலைத் தாழ்த்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அத்தை பதில் சொன்னார். எத்தனை வீட்டுச் சண்டைகளைச் சுருதிக் கணக்கில் தீர்த்திருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

கண்ணும் அப்படித்தான். கண்ணின் வில்லை வருஷா வருஷம் மஞ்சளித்துக்கொண்டே போகும். நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கோ-ஆப்டெக்ஸில் நான் எடுத்துக் கொடுத்த நீலச் சேலையை அத்தை கடைசி வரை கறுப்பு என்றே சொன்னார், அமங்கலம் என்று கட்டவே இல்லை. இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும். நமக்குப் பகலாகத் தெரிகிற மாடிப்படி அவர்களுக்கு அந்திதான். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோற்றைப் போட்டுவிட்டு, பாதியை மிச்சம் வைக்கிறாரே என்று சலித்துக்கொள்வோம். அதே சோற்றை வாழையிலையில் போட்டுப் பாருங்கள். பச்சையில் வெள்ளை பளிச்சென்று தெரியும், வழித்துத் தின்பார்கள். இலையில் சாப்பிடுகிற வழக்கத்தை வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, எனக்கு உதவியது.

"உப்பே இல்ல" என்பது தினமும். மூக்கு மங்கும்போது நாக்கும் மங்கும். ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பைக் கூட்ட முடியாது. பெருங்காயத்தையும் மிளகையும் எலுமிச்சம்பழத்தையும் கூட்டிச் சமாளித்தேன். பாதி நாள் ஏமாந்தார், பாதி நாள் ஊறுகாய் ஜாடி தானாக நகர்ந்திருக்கும்.

தண்ணீர்தான் பெரிய பாடு. ஒரு சொம்பு வைத்தால் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். தாகம் என்கிற உணர்ச்சியே வயதில் மழுங்கிவிடும். உடம்பில் தண்ணீரின் அளவும் முன்னைவிடக் குறைவு, ஆகவே கொஞ்சம் குறைந்தாலும் தலை சுற்றும், மலம் இறுகும், பேச்சு குழறும். இதெல்லாம் தெரிந்ததுதான். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். பிடிவாதம் என்று வீட்டில் முடிவு கட்டினோம். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க நான் எழுந்தபோது அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறக் கக்கூஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு படி இறங்க வேண்டும், லைட் சுவிட்ச் தள்ளி இருந்தது, வழியில் துவைக்கிற கல். "எதுக்கு அத்தை தனியாப் போறீங்க, என்னைய எழுப்பக் கூடாதா" என்றேன். "நீ பகலெல்லாம் நின்ன காலு தாயி" என்றார். அதனால்தான் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் ராத்திரி எழ வேண்டும், எழுந்தால் விழ வேண்டி வரும் அல்லது என்னை எழுப்ப வேண்டி வரும். தாகத்தை அவர் கணக்குப் போட்டு அடக்கியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி ஒன்றும் தரையோடு எரிகிற ஒரு சின்ன விளக்கும் வைத்தோம். பகலில் மோர், ரசம், நீராகாரம், நன்னாரி என்று ஏதோ ஒரு பேரில் தண்ணீரை உள்ளே அனுப்பி, பொழுது சாய்ந்ததும் குறைத்துவிடுவேன். சொம்பு காலியாகத் தொடங்கியது.

பிடிவாதம் என்று நாம் பேர் வைத்திருக்கிற பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு கணக்கோ வலியோ பயமோ கிடக்கும். குளிக்க மாட்டேன் என்கிறவருக்கு வழுக்குகிற பாத்ரூம். எழுந்திருக்க மாட்டேன் என்கிறவருக்கு எழுந்ததும் கண் இருட்டுகிறது, படுத்த நிலையிலிருந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து எழுப்பினால் எழுவார். சாப்பிட மாட்டேன் என்கிறவருக்கு விழுங்கினால் புரையேறுகிறது. படுக்க வைத்தபடி ஊட்டினால் யாருக்குத்தான் ஏறாது?

ஆண்கள் வார்டில் ஒரு வாத்தியார் இருந்தார், ஓய்வு பெற்றவர். நிமோனியாவுக்குச் சேர்த்திருந்தார்கள். பகலில் மரியாதையாகப் பேசுவார், என்னை "வாங்க, போங்க" என்பார். மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினார். வார்டு அவருக்கு ரயிலாகிவிட்டது. மானாமதுரையில் இறங்க வேண்டுமாம், ஸ்டேஷன் தாண்டிப் போகிறதாம். மகனும் வார்டு பாயும் கையைக் காலைப் பிடித்துக் கட்டப் போனார்கள். கட்டினால் இன்னும் மிரளுவார். "மானாமதுரை இன்னும் வரல ஐயா, வந்ததும் நான் எழுப்புறேன், உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். "நீங்க கார்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போர்வையைச் சரி செய்யும்போது அடிவயிற்றில் கை பட்டது. கெட்டியாக, வீங்கி இருந்தது. சாயங்காலத்திலிருந்து மூத்திரம் போகவே இல்லை. பிராஸ்டேட் வீக்கம், அதற்கு மேல் சளி மருந்தின் வேலை. ஹவுஸ் சர்ஜனை எழுப்பி ட்யூப் போட்டதும் பை நிறைய வந்தது. விடியும்போது வாத்தியார் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் தினமணி கிடைக்குமா என்று கேட்டார். ராத்திரி நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. அதற்குள் வீட்டார் "புத்தி பேதலிச்சிருச்சு" என்று முடிவு செய்து, ஊருக்குச் சொல்லி, மந்திரிக்கிறவரை வரச் சொல்லிவிட்டார்கள். மகள் வேப்பிலையோடு வந்து நின்றாள்.

முதியவர் ஒருவர் நேற்று வரை சரியாக இருந்து இன்றைக்குக் குழம்பினால் அது மறதி நோய் இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். ஒரே ராத்திரியில் வருகிற குழப்பத்துக்கு உள்ளே ஏதோ காரணம் இருக்கும்: மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் வற்றுதல், சோடியம் இறங்குதல், புது மாத்திரை. பெரும்பாலும் சரி செய்துவிடலாம். காய்ச்சல் வரவில்லையே, தொற்று எப்படி என்று கேட்பார்கள். வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் வராது. மாரடைப்பில் நெஞ்சு வலிகூட வராமல் போகலாம், வெறும் அசதியும் வேர்வையுமாக வரும். பாடப் புத்தகத்து அறிகுறிகள் எல்லாம் நடுவயது ஆணுக்கு எழுதியவை என்று ஒரு பெரிய டாக்டர் சிரித்தபடி சொன்னார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது தலைக்கூத்தலைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. படுத்துவிட்ட பெரியவர்களை எண்ணெய்க் குளியலும் இளநீருமாக அனுப்பி வைக்கிற அந்த வழக்கத்தை விருதுநகர்ப் பக்கம் பிறந்த எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். 2010இல் பத்திரிகைகள் எழுதிய பிறகு வெளியூர்க்காரர்கள் அதிர்ந்தார்கள். 'பாரம்' என்று ஒரு படமும் வந்து தேசிய விருது வாங்கியது. அது கொலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் கொலை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த வீட்டில் படுக்கைப் புண்ணைக் கழுவக் கற்றுக்கொடுக்க யாராவது போனார்களா? வலிக்கு மருந்து கொடுத்தார்களா? மூன்று ஷிஃப்டில் ஒன்றையாவது யாராவது வாங்கிக்கொண்டார்களா? சட்டம் இருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தால் பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம். பணத்துக்கு உத்தரவு போடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் போட எந்த ஆர்.டி.ஓ. உத்தரவு போடுவார்?

அரசு முதியோர் பென்ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023இல் 1,200 ஆனது. கொஞ்சம்தான். ஆனால் சுருக்குப் பையில் சொந்தமாக நோட்டு இருக்கிற அப்பத்தாவிடம் பேரன்கள் பேசுகிற தொனியே வேறு. வார்டில் பார்த்திருக்கிறேன். அவருக்குக் காபி முதலில் வரும்.

நகத்திலிருந்து எங்கேயோ வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் படுக்கையில் இருக்கிற ஒரு தாத்தாவுக்கு ஏஜென்சி மூலம் ஒடிசாவிலிருந்து ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். தமிழ் பத்து வார்த்தை வரும். நர்ஸ் படிப்பு எதுவும் கிடையாது, வீட்டார் அவளை ஹோம் நர்ஸ் என்கிறார்கள். ஒரு நாள் போனபோது தாத்தாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், பொறுமையாக, நேராக, ஓரம் தேய்த்து. யார் சொல்லிக் கொடுத்தது என்று சைகையில் கேட்டேன். "பாட்டி" என்றாள், அவள் ஊர்ப் பாட்டி. குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அழுந்தும், கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தால் குதிகால் காற்றில் தொங்கும் என்று நான் காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்து நான்கு மணி நேர வேலை என்று பேச்சு. இருபத்து நான்கு மணி நேர வேலை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அவள் தூங்குகிறாள், தூங்கத்தான் வேண்டும். அவள் தூங்கியதைச் சொல்லி வீட்டம்மா என்னிடம் குறைப்பட்டபோது நான் நன்றாகவே சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைப்பதில்லை.

எல்லாம் இருளாகவே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கென்று தனியாக வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் வ.செ. நடராசன். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்ததற்கும் அவர் உழைப்பு உண்டு. 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தது. சாத்தூர்க் கிழவிக்கு கிண்டி தூரம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வாசலுக்கு வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறவரும் வலி தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் பையை இறக்கி வைத்ததும் முதலில் முதுகைப் புரட்டிப் பார்க்கிறாள். சரியான இடத்தில் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அருப்புக்கோட்டை மருமகளுக்கு இப்படி ஒருத்தி மாதம் ஒருமுறை வந்திருந்தால் எலும்பு தெரிகிற வரை போயிருக்காது. நான் அந்த மருமகளைக் கூப்பிட்டுக் கேட்ட ஆறாவது நாளோ ஏழாவது நாளோ அப்பத்தா போய்விட்டார். வார்டில் உரக்க அழுதது அவள் ஒருத்திதான்.

எங்கள் அத்தை கடைசி வரை படுக்கைப் புண் இல்லாமல் போனார். என் கெட்டிக்காரத்தனம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நர்ஸ் மருமகள் அமைந்த அதிர்ஷ்டம் என்பார்கள். உண்மை வேறு. அவர் படுத்த பிறகு என் கணவர் ராத்திரி ஷிஃப்டை எடுத்துக்கொண்டார். முதலில் தாயின் துணியை மாற்றக் கூச்சப்பட்டார். அத்தையும் கூச்சப்பட்டார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் இருவருக்கும் ஒரு வழி சொன்னேன்: மேலே போர்வை போட்டுக்கொண்டு, அடியில் கையை மட்டும் விட்டு மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்வது அதுதான். கொஞ்ச நாளில் கூச்சம் போய், அத்தை அவரிடம் ராத்திரி முழுக்கச் சாத்தூர்க் கதை பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல்தான் அத்தையின் காதில் விழும் என்று முன்பே சொன்னேனே.

மாத்திரைப் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எல்லா வீட்டிலும் உண்டு. ஜவுளிக்கடை மஞ்சப் பை, அதற்குள் ஐந்து டாக்டர் எழுதின அட்டைகள். முழங்கால் டாக்டர் ஒன்று, இதய டாக்டர் ஒன்று, தூக்கத்துக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது ஒன்று. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பேரில் இருக்கும், இரண்டையும் போடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல் சிறுநீரகம் வடிகட்டுகிற வேகம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைந்துகொண்டு வரும். இளவட்டத்துக்குச் சரியான அளவு கிழவருக்கு அதிகம். விழுந்து எலும்பு ஒடிந்து வந்தவர்களின் பையைக் கொட்டிப் பார்த்தால் தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடுத்தமுறை போகும்போது பழைய சீட்டை மட்டும் எடுக்காமல் அந்தப் பையையே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் கொட்டுங்கள். எது வேண்டாம் என்று கேளுங்கள். "வயசானா அப்படித்தான்" என்று பதில் வந்தால், எப்படித்தான் என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக மகன்களுக்கு. பணம் அனுப்புகிறீர்கள், ஏர் பெட் வாங்கிப் போடுகிறீர்கள், நல்லது. வாரத்தில் ஒரு ராத்திரியை உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வையுங்கள். புரட்டும்போது இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு அதோடு சேர்த்துத் தூக்கித் திருப்புங்கள். சிவந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு காலையில் சொல்லுங்கள். மனைவியை அன்றைக்கு வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள்.